கேட்டது யார், கிடைத்தது யாருக்கு

அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்ன அன்று, டிபன் டப்பாவைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தாள். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. நான் அப்போதுதான் படுத்திருந்தேன். டப்பாவை என் தலைமாட்டில் வைத்து, "தயிர்சாதம் இருக்கு. ராசா எழுந்திரிக்கிறப்ப சாப்பிடட்டும்," என்றாள். அவள் என்னை ராசா என்று அந்தக் குரலில் சொன்னால் வெளியே ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். எழுந்து உட்கார்ந்தேன்.

அக்கா சுகிர்தா காரைக்காலில் ஒரு தனியார் லேபில் ஒன்பது வருடமாக வரவேற்பில் இருக்கிறாள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்காக ஆறு மணிக்கே திறக்க வேண்டும்; அதனால் ஒரு சாவி அவளிடம் இருக்கும். வீடு கோவில்பத்தில், ஸ்கூட்டியில் பத்து நிமிடம். மாமா கத்தாரில். நான் எட்டு மாதமாக அவள் வீட்டில். சென்னையில் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு, ஒருநாள் போதும் என்று எழுந்து வந்துவிட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. கேட்கிறவர்களுக்குக் காரணம் தேவைப்படுகிறது என்பதால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறோம். வேலையை விட்டாலும் தூக்கம் மட்டும் பழைய ஷிப்டிலேயே நின்றுவிட்டது. விடிந்த பிறகுதான் வரும்.

நடந்தது இதுதான். அடுத்த தெருவில் ழோர்ழ் என்று ஒரு பெரியவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எழுபத்தேழு வயது. கழுத்தில் ஒரு கட்டி வந்து, அதில் துளி வெட்டி அக்காவின் லேபுக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் நல்லதாக இல்லை. டாக்டர் போன வாரம் புதன்கிழமை சாயங்காலம் அவர் மனைவி மத்லேனுக்கு போன் செய்து சொன்னார். அறுத்து எடுத்துவிட்டால் பயமில்லை, ஆனால் அது புற்றுநோய்தான் என்றார். மத்லேன் அம்மா அதைப் புருஷனிடம் சொல்லவில்லை. ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது என்பது அவர் முடிவு. மறுநாள் சாயங்காலம் பார்த்தால் திராட்சையும் ஹார்லிக்ஸுமாக உறவுக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். நிரவியிலிருந்துகூட ஒரு கார் வந்ததாம்.

மத்லேன் அம்மா நேராக லேபுக்குப் போய், இங்கேயிருந்துதான் விஷயம் வெளியே போயிருக்கிறது என்று சத்தம் போட்டிருக்கிறார். மேனேஜர் சண்முகசுந்தரம் லேபுக்குச் சாஃப்ட்வேர் செய்துகொடுத்த கோயம்புத்தூர்க்காரர்களிடம், நம் ஆட்கள் யாராவது அந்த ரிப்போர்ட்டைத் திறந்தார்களா என்று கேட்டிருக்கிறார். இந்த வாரம்தான் ஒரு பக்கம் வந்தது. அதில் மூன்று வரி. மூன்றும் அக்கா உட்காரும் கம்ப்யூட்டர்.

"வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அந்தம்மா முன்னாடி விசாரணையாம். அதுவரைக்கும் உள்ள வரக்கூடாதாம். சாவியையும் வாங்கி வச்சிக்கிட்டாரு," என்றாள். அந்தப் பக்கத்தின் நகலைக் கையில் கொடுத்தாள்.

நோயாளியின் ரகசியத்தைச் சொன்னவள் என்று பெயர் வந்துவிட்டால் இந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியும் அவளை வாசலில் நிற்கவிடாது. காரைக்கால் அவ்வளவு சின்ன ஊர். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பக்கத்தைப் பார்த்தேன். நான்கு கட்டம்: தேதி, நேரம், எந்தக் கம்ப்யூட்டர், எந்தப் பக்கம். வியாழக்கிழமை தேதி. நேரம் 05:21, 05:22, 05:24. கம்ப்யூட்டர் 'வரவேற்பு 2'. பக்கம் 'நோயாளி ரிப்போர்ட்'.

விடிவதற்கு முன்னால் சாவி வைத்திருக்கிறவள் தனியாகப் போய்த் திறந்து பார்த்திருக்கிறாள். சண்முகசுந்தரம் அப்படித்தான் வாசித்திருக்கிறார். வாசிக்கத் தெரியாதவர்கள் எல்லாரும் அப்படித்தான் வாசிப்பார்கள்.

"வியாழக்கிழமை அஞ்சு இருபதுக்கு நீ எங்க இருந்த?"

"எங்க இருப்பேன்? தண்ணி நெறஞ்சி பக்கத்து வீட்டுச் சுவருல ஊத்துது, போனை நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கியேன்னு உன்னத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்."

உண்மை. அன்றைக்கு மோட்டாரை நிறுத்த மறந்தது நான்தான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டார். ஐந்தரை வரை அவள் மாப்பும் கையுமாக என் எதிரில் நின்றாள். எட்டு மாதத்தில் நான் விடியற்காலையில் விழித்திருந்ததால் யாருக்காவது பிரயோசனம் என்றால் அது அன்றைக்குத்தான்.

அப்படியென்றால் அது நம் நேரம் இல்லை. சர்வர்கள் பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில்தான் எழுதிவைக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் 10:51. அந்த நேரத்தில் லேபில் முப்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார்கள். திருட்டுத்தனமாக எதுவும் செய்ய முடியாத நேரம்.

சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் மூன்று வரி அங்கேயே இருந்தது. பத்து ஐம்பத்தொன்றுக்கு அவள் கம்ப்யூட்டரிலிருந்து யாரோ அந்த ரிப்போர்ட்டைக் கேட்டிருக்கிறார்கள்.

"நீ கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். மூணு தடவ. என் கையாலதான் அடிச்சேன்."

"யாருக்காக?"

டப்பாவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். ரிப்போர்ட் வந்ததா, படித்தாயா என்று கேட்டேன். அவள் பாத்திரம் விளக்க ஆரம்பித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, "நீதான் எல்லாத்தையும் அது எழுதி வச்சிருக்கும்னு பெருமை பேசுவியே. அதுகிட்டயே கேளு," என்றாள்.

பெருமை பேசியதாக ஞாபகம் இல்லை. புலம்பியிருப்பேன். மூன்று வருடம் நான் பார்த்தது அதைத்தான். யாரோ எங்கேயோ ஒரு பட்டனைத் தொடுகிறார்கள். ஒரு சர்வர் பதில் சொல்கிறது. அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் ஒரு வரி விழுகிறது. எப்போது கேட்டது, எந்த முகவரியிலிருந்து கேட்டது, எந்த சர்வரை, எந்த வாசல் வழியாகக் கேட்டது, என்ன கேட்டது, சர்வர் சரி என்றதா இல்லை என்றதா, எத்தனை பைட் திரும்பிப் போனது, எவ்வளவு நேரம் பிடித்தது. ஒரு ஷிப்டில் லட்சக்கணக்கில் வரும். ஏதாவது ஒரு வரி சிவப்பானால் இன்னொருவனை எழுப்ப வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. அந்த வரிகளுக்குப் பின்னால் மனிதர்கள் இருப்பதாக நான் யோசித்ததே இல்லை. யோசித்தால் வேலை நடக்காது.

இந்தப் பக்கத்தில் நான்கு கட்டம்தான் இருந்தது. மீதி எல்லாம் கோயம்புத்தூரில் இருக்கும். அதைக் கேட்கலாம். ஆனால் கேட்டால் வருவது அவளைக் காப்பாற்றும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ரிப்போர்ட் அவள் கம்ப்யூட்டருக்கு வந்திருந்தால் அதுவும் பைட் கணக்கோடு எழுதியிருக்கும். இப்போது சந்தேகம்தான். அப்புறம் நிரூபணம் ஆகிவிடும். அதை அவளிடம் அப்படியே சொன்னேன்.

"வரட்டும்," என்றாள்.

மறுநாள், புதன்கிழமை, நானே லேபுக்குப் போனேன். வெளிச்சத்தில் வெளியே வந்து நாளாகியிருந்தது, கண் கூசியது. சண்முகசுந்தரம் நியாயமான ஆள், பயந்த ஆள். இரண்டும் ஒருவரிடம் இருந்தால் பயம்தான் ஜெயிக்கும். நான் யார் என்று கேட்டார். சொன்னேன்.

"கூடப்பொறந்த தம்பி. அப்ப நீங்க சொல்றத நான் எப்படி எடுத்துக்கிறது, சொல்லுங்க."

எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். நான் எதையும் தொட மாட்டேன், எந்தக் கம்ப்யூட்டரிலும் கை வைக்க மாட்டேன். கோயம்புத்தூர்க்காரர்கள் நேராக அவருக்கே அனுப்பட்டும். அந்த ரிப்போர்ட்டைக் கேட்ட எல்லா வரியும் வேண்டும், லேபிலிருந்து கேட்டது மட்டும் போதாது. எந்தக் கட்டத்தையும் வெட்டக்கூடாது. இந்த இரண்டையும் மட்டும் எழுதிக் கேளுங்கள் என்றேன். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். கூடவே நேர விஷயத்தையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. அப்போது கவுண்டரில் நின்ற ஒரு நோயாளி அவர் கண்ணெதிரிலேயே தன் சர்க்கரை ரிப்போர்ட்டைப் போனில் திறந்தார். மணி பன்னிரண்டு பத்து. "இதையும் சேத்து அனுப்பச் சொல்லுங்க. ஆறு நாப்பதுன்னு எழுதியிருக்கும்," என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவர் அறையில் நான்கு பேர். சண்முகசுந்தரம் மேசைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் மத்லேன் அம்மா, மடியில் கைப்பை, இஸ்திரி போட்ட பருத்திப் புடவை, தூங்காத முகம். அக்கா நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று நின்றாள். நான் கதவோரம். மெயில் காலையிலேயே வந்துவிட்டதாம். எல்லாரும் இருக்கும்போது திறக்கலாம் என்று சண்முகசுந்தரம் அதைத் தொடாமல் வைத்திருந்தார். அதற்காக அந்த மனிதர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

பிரின்ட் எடுத்து மேசையில் போட்டார். முதலில் சர்க்கரைக்காரரைத் தேடினார். 06:40. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"சரி. விடியக்காலை இல்ல. அத ஒத்துக்கிறேன்," என்றார்.

மத்லேன் அம்மாவுக்கு அது போதவில்லை. விடியற்காலையோ மத்தியானமோ, கேட்டது இந்தப் பெண்தானே என்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பைட் கட்டத்தைப் பாருங்கள் என்றேன். அங்கிருந்து எனக்கு எண் தெரியவில்லை. என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. சண்முகசுந்தரம் விரலை வைத்து வாசித்தார். வரவேற்பு 2, முதல் வரி, 1,874. இரண்டாவது, 1,874. மூன்றாவது, 1,874.

கதவோரத்திலிருந்து மேசைப் பக்கம் வந்தேன்.

"இன்னும் ஒரு வரி இருக்கு," என்றார் அவர். "இது நம்ம கம்ப்யூட்டர் இல்ல. 2,86,410."

தபால்காரருக்குக் கடிதத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, கனம் தெரியும் என்று சொல்லி ஆரம்பித்தேன். அந்த ரிப்போர்ட் இரண்டு பக்கம், படத்தோடு. இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரம் பைட் என்றால் அதுதான் போயிருக்கிறது. ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்தில் அது அடங்காது. 'விவரம் தவறு, மறுபடி முயலவும்' என்ற ஒரு பக்கம்தான் அடங்கும். பக்கத்துக் கட்டத்தில் சர்வரின் பதிலும் இருந்தது: மூன்று வரிக்கும் மறுப்பு, நான்காவது வரிக்குச் சரி. அக்கா கேட்டிருக்கிறாள், அவளுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு யாருக்கோ.

சண்முகசுந்தரம் அந்த நான்காவது வரியின் முகவரியை என்னிடம் காட்டினார். எந்த ஊர் என்று பார்க்க முடியுமா என்றார். நான் தொட மாட்டேன் என்று சொல்லியிருந்ததால், எப்படிப் பார்ப்பது என்று சொன்னேன். அவரே அடித்துப் பார்த்தார். பிரான்ஸ் என்று வந்தது. நம் நேரம் வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு முப்பத்தைந்து. அங்கே காலை ஒன்பது ஐந்து.

மத்லேன் அம்மா கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினார்.

"கிறிஸ்தின்," என்றார் கடைசியில். பிரான்ஸில் இருக்கும் மகள். "ரிப்போர்ட் நம்பர நான்தான் அனுப்புனேன். அங்க ஒரு டாக்டர்கிட்ட காட்டி வேற ஒரு கருத்து கேக்குறேன்னா. அவ என் தங்கச்சிக்கு போன் பண்ணியிருப்பா, அம்மாவத் தனியா விடாதீங்கன்னு. என் தங்கச்சிகிட்ட ஒண்ணு சொன்னா, ஒலிபெருக்கி வச்சி ஊருக்குச் சொன்ன மாதிரி."

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் சண்முகசுந்தரம் முழுதாக முடிக்கிற ஆள். பிறந்த தேதிதானே கடவுச்சொல், அது ரசீதிலேயே இருக்கிறதே, பிறகு ஏன் அக்கா மூன்று தடவை தப்பாக அடித்தாள், யாருக்காக அடித்தாள் என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அக்கா சுவரைப் பார்த்தாள். கவுண்டரில் ஒருவர் வந்து கேட்டார், ரசீது கொண்டுவரவில்லை, அவர் வாயால் சொன்ன தேதியைத்தான் அடித்தேன், யார் என்று சொல்ல மாட்டேன் என்றாள்.

"சொல்ல மாட்டேன்னா எப்படிம்மா? வேலைக்குத் திரும்பணுமில்ல?"

"சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன் சார்."

எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது. கரை வந்து சேர்ந்த பிறகு தண்ணீரில் குதிக்கிறாள்.

சண்முகசுந்தரம் மறுபடி காகிதத்தைப் பார்த்தார். என்ன கேட்டது என்ற கட்டம் நீளமாக இருந்தது. நோயாளி எண், அதன் பிறகு அடித்த தேதி. அந்தத் தேதியை அப்படி வெளிப்படையாக எழுதிவைக்கவே கூடாது. நாங்களாக இருந்தால் மறைத்திருப்போம். கோயம்புத்தூர்க்காரர்களின் சோம்பேறித்தனம். அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று.

"பிரான்ஸ்ல அடிச்சது 22-07-1948. இது சரியான தேதி. இந்தப் பொண்ணு மூணு தடவையும் 17-07-1948னு அடிச்சிருக்கு," என்றார்.

மத்லேன் அம்மா நிமிர்ந்தார். காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பதினேழு," என்றார். "இது எந்தக் காகிதத்துலயும் கெடயாது."

பிறகு எங்களுக்குச் சொன்னார். ழோர்ழ் பிறந்தது பதினேழாம் தேதி. அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில். குழந்தை பிறந்தால் மூன்று நாளைக்குள் மேரியில், அதாவது அந்தக் காலத்து நகராட்சி ஆபீஸில், பதிந்துவிட வேண்டும். தவறினால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். மாமனார் கல்யாண வேலையாகத் திருநள்ளாறு பக்கம் போய் ஐந்து நாள் கழித்து வந்தார். வந்தவர் கோர்ட்டுக்குப் பயந்து, மேரிக்குப் போன தேதியையே பிறந்த தேதி என்று எழுதிக்கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட், ராணுவம், பென்ஷன் எல்லாம் இருபத்திரண்டு. வீட்டில் கேக் வெட்டுவது பதினேழு.

"அரசாங்கம் கேட்டா மேரி தேதியச் சொல்லுவாரு. பொம்பளப் புள்ள சிரிச்சிக்கிட்டே, உங்க பொறந்தநாள் என்னைக்குங்கன்னு கேட்டா பதினேழுன்னுதான் சொல்லுவாரு," என்றார். அக்காவைப் பார்த்தார். "அவரே வந்தாரா?"

அக்கா பதில் சொல்லவில்லை. தலையையும் ஆட்டவில்லை. ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றது. அது போதுமாக இருந்தது.

மத்லேன் அம்மா எழுந்தார். அக்காவின் பக்கத்தில் போய், மன்னிப்பு என்ற வார்த்தையை எல்லாம் சொல்லாமல், அவள் தோளில் இருந்த ஒரு நூல் பிசிறை எடுத்துப் போட்டார். சண்முகசுந்தரத்திடம், நாளைக் காலையில் ரத்தம் கொடுக்க வருவேன், இந்தப் பெண் கவுண்டரில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சண்முகசுந்தரம் சாவியை மேசை இழுப்பிலிருந்து எடுத்து அக்காவிடம் நீட்டினார். அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர்களை ஒரு பத்து நிமிடம் திட்டினார். நாங்கள் அதை மன்னிப்பாக எடுத்துக்கொண்டோம்.

ஸ்கூட்டியில் திரும்பும்போது, வேலையே போயிருக்கும், ஒரு வார்த்தை என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"உன்கிட்ட சொன்னா நீ என்னைக் காப்பாத்துறேன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடுவ. அந்த மனுசன் கூட்டத்துல குனிஞ்சி, என் பொண்டாட்டிக்குத் தெரிய வேணாம்மான்னு கேட்டாருடா."

நான் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ழோர்ழ் வந்தார். தோளில் துண்டு, கழுத்தில் பிளாஸ்திரி, இரண்டு கையிலும் பை. ஒன்றில் திராட்சை, இன்னொன்றில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள், ஐந்தோ ஆறோ. வீட்டில் வைக்க இடமில்லை என்றார். நான் நாற்காலி போட்டேன். அக்கா காபி கொண்டுவந்தாள்.

"மத்லேன் சொல்லிட்டா," என்றார். "உக்கார வச்சி, கையப் புடிச்சி, எல்லாத்தையும் சொல்லிட்டா. அடுத்த வாரம் ஆபரேஷன்."

அக்கா காபித் தட்டோடு அங்கேயே நின்றாள்.

"ஏம்மா நிக்கிற, உக்காரு. ஒரு வாரமா அந்த வீட்டுல எனக்கு ராஜ உபசாரம். ஐம்பது வருஷமா உப்பு போடாதன்னு கத்துறவ, கேக்காமலே ஊறுகா வைக்கிறா. பாக்கிறவன் எல்லாம் சிரிக்கிறான். செத்துட்டமோன்னே சந்தேகம் வந்துருச்சி. இன்னைக்கு மத்தியானம் மொத மொதல்ல, காப்பியில இவ்வளவு சர்க்கரையான்னு திட்டுனா." காபியை ஒரு வாய் குடித்தார். "அப்பாடா."

சர்க்கரை குறைவாக இருந்தது போல. இன்னும் ஒரு ஸ்பூன் கேட்டார். அக்கா கொடுக்கவில்லை. எழுந்து போகும்போது என்னைப் பார்த்து, நீதான் அந்தக் கணக்கெல்லாம் வாசித்தவனா என்று கேட்டார். கேட்டது யார், கிடைத்தது யாருக்கு என்பதை மட்டும்தான் அது எழுதும், அதைத்தான் சொன்னேன் என்றேன். "ஏன் கேட்டான்னு எழுதாதில்ல?" என்றார். எழுதாது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

திராட்சை புளித்தது. இருந்தாலும் இரண்டு பேரும் ஒரு கொத்து முழுக்கத் தின்றோம். ராத்திரி பத்தரை மணிக்கு, சும்மா சாய்ந்தவன் தூங்கிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை மோட்டாரை நிறுத்தச் சொல்லி அக்கா மூன்று தடவை கத்தினாளாம். ஆறு மணிக்கு லேபைத் திறக்கப் போகிற அவசரத்தில் அவளே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.